கரமனையில் ஒரு பச்சைக் கோப்பை

கரமனை ஆற்றோரம் ஒரு பீங்கான் பட்டறை. கோப்பையையும் நிறத்தையும் நாம் தேர்ந்தெடுத்தால், பூசிச் சுட்டுத் தருகிறார்கள். சுவரில் நிற அட்டை தொங்குகிறது. நீலத்துக்கு நீலம் என்று பெயர் வைத்தால் யார் வாங்குவார்கள்? ஆகவே அதற்கு ‘மௌனம்’ என்று பெயர். சாம்பல் நிறத்துக்கு ‘சந்நியாசம்’. கழுத்தில் ஆபீஸ் அட்டை மாட்டிய இளம் ஜோடி ஒன்று அரைமணி நேரமாக மௌனத்துக்கும் சந்நியாசத்துக்கும் நடுவே தவிக்கிறது. காப்பி குடிக்கப்போகும் கோப்பைக்கு இவ்வளவு பாடு!

நிறம் பூசுகிற செல்வி மார்த்தாண்டத்துக்காரர். என் முறை வந்ததும், ஜோடியின் காதில் விழட்டும் என்றே சத்தமாகச் சொல்கிறேன்.

“இந்தக் கவிதையெல்லாம் எனக்கு வேண்டாம்மா. வெறும் பச்சை போதும். இருந்தா இப்பவே குடுங்க.”

“பச்சையா? அது எதுக்கு சாரே?”

“எனக்குப் பிடிக்கும்.”

என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உள்ளே போனவர், வெளிறிய சாம்பல் நிறக் கோப்பையைக் கொண்டுவந்து வைக்கிறார். பச்சைக்கும் சாம்பலுக்கும் வித்தியாசம் தெரியாதவருக்கு இங்கே நிறம் பூசும் வேலை! அலுத்துக்கொண்டே கோப்பையின் காதைப் பிடித்துத் தூக்குகிறேன். காது மட்டும் கையோடு வருகிறது.

“அய்யோ! பச்சைன்னா எங்களுக்கு சுடாத மண்ணுல்லா? கலருன்னா கலருன்னு பறையண்டே சாரே!”

ஜோடி வாய்விட்டுச் சிரிக்கிறது. அந்தப் பெண் என் கையிலிருக்கும் துண்டைக் காட்டி, அது எந்த நிறம் என்று மலையாளத்தில் கேட்கிறாள்: “சேச்சி, இது ஏதாணு ஷேடு?”

செல்வி சுவர் அட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“சந்நியாசம்.”