கொடி இறங்காத குளத்துப் பந்தயம்

போன வாரம் தென்காசியில் புது கார் எடுத்தேன். ஷோரூம் வாசலில் மாலை போட்டு, சூடம் காட்டி, நாலு டயருக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்ட விற்பனைத் தம்பி எந்தப் பொத்தான் எதற்கு என்று பொறுமையாக விளக்கிவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்தினான். “ஆச்சி, இந்த ஸ்போர்ட் மோட மட்டும் தொட்டுராதீங்க. வண்டி பிச்சிக்கிட்டுப் போவும். பயந்துருவீங்க.” வண்டியை நகர்த்தினேன். பழம் நசுங்கி வாசம் மேலே வந்தது. தொடாதே என்றதைத் தொட்டேன். குற்றாலம் ரோட்டில் மேல் கைப்பிடியைப் பிடித்த தம்பி, இலஞ்சி தாண்டும் வரை அதை விடவில்லை.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. நரைத்த தலையும் மூட்டுவலிப் பட்டையுமாக வருகிறவளைப் பார்த்தால் யாருக்குத்தான் தோன்றும்? ஆனால் நசுங்கிய எலுமிச்சையும் பெட்ரோலும் கலந்த அந்த வாசம் எனக்குப் பூஜை வாசம் இல்லை, பந்தய வாசம். பண்பொழிப் பக்கம் ஒரு குளத்தில், மீன் பிடித்து முடிந்து தரை காய்ந்த பிறகு, நாங்கள் கார்ப் பந்தயம் விட்டோம். மூன்று கோடை நடந்தது. வரிசையில் நிற்கும் எல்லாக் காருக்கும் டயருக்கடியில் எலுமிச்சை உண்டு, ஷாகுல் பாய் வண்டிக்கும் சேர்த்து. பழமெல்லாம் எங்கள் கடையிலிருந்து போகும். அப்பா புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடை வைத்திருந்தார்.

பந்தயத்தை ஆரம்பித்தவர் ஷாகுல் பாய். சவூதியில் ஒர்க்‌ஷாப் வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்தவர். மெட்ராஸ் பந்தயத்தில் ஓடி ஓய்ந்த கார்களை, புது வண்டி வாங்கிய முதலாளிகள் அடிமாட்டு விலைக்குத் தள்ளிக்கொண்டிருந்த காலம் அது. பாய் போய் ஒரு ஹெரால்டு காரை ஓட்டிக்கொண்டு வந்தார். உள்ளே டிரைவர் சீட் தவிர வேறு சீட் கிடையாது. உருண்டால் தலை தப்புவதற்கு இரும்புக் குழாயில் கூண்டு கட்டியிருந்தது. அதைப் பார்த்து ஆலங்குளத்து சுபேதார் ஒருவர் அதே மாதிரி ஓர் அம்பாசடர் வாங்கினார். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர், குளத்துக்குள் கார் ஓட்டும்போதும் முதுகை வளைக்கமாட்டார். என் அண்ணன் வாங்கியது ஒரு பத்மினி. இன்னும் இரண்டு மூன்று பேர் சேர, பந்தயம் கூடிவிட்டது. குளத்துக்கரைதான் கேலரி. நுங்குக்காரருக்கும் சர்பத்துக்காரருக்கும் அன்றைக்குத் திருவிழா.

அண்ணனுக்கு அப்போது ஏழரைச் சனி. அவன் பேரில் வண்டி வாகனம் வாங்கவே கூடாது என்று ஜோசியர் சொல்லியிருந்ததால், பத்மினியை என் பேரில் பதிந்திருந்தான். எனக்கு அதில் பெருமையும் இல்லை, வருத்தமும் இல்லை. நான் கடையில் கணக்கு எழுதிக்கொண்டு, டிரைவர் வராத நாளில் தோட்டத்திலிருந்து மூட்டை ஏற்றி வர லோடு ஜீப்பை எடுத்துக்கொண்டு போவேன். வாய்க்கால், வரப்பு, சகதி எல்லாம் அதில் ஏறி இறங்கிப் பழகினவைதான். முதல் வருஷம் அண்ணன் ஓட்டினான். நான் கரையில் நின்று சர்பத் குடித்தேன்.

அந்த வருஷப் பட்டம் பாய்க்குத்தான். ஆனால் கடைசிப் பந்தயத்தில் எஸ்டேட்காரர் ஒருவர் கோயமுத்தூரிலிருந்து கூலிக்கு ஒரு பந்தய டிரைவரைக் கூட்டிவந்து எல்லோரையும் புழுதி தின்ன வைத்தார். எங்கள் ஆட்களுக்குப் பொறுக்கவில்லை. இரண்டாம் வருஷம் கூடியதும் விதி போட்டார்கள்: வண்டி யார் பேரில் இருக்கிறதோ அவர்தான் ஓட்ட வேண்டும். எல்லோருக்கும் முந்திக் கையைத் தூக்கியவன் என் அண்ணன். விதியை எழுதி முடித்துவிட்டு, சுபேதார் கண்ணாடியைக் கழற்றி அவனைப் பார்த்தார். “தம்பி, பத்மினி ஒம்ம தங்கச்சி பேர்லல்லா இருக்கு?”

பேரை மாற்றிக்கொள்ளலாம்தான். ஆனால் சனி போக இன்னும் நாள் இருந்தது. பந்தயத்தை விட சனி பெரிது. அம்மா மட்டும் அழுதாள். “ஏட்டி, குளத்துக்குள்ள காரு ஓட்டுதவளக் கட்டிக்கிட எவன் வருவான்?” ஒருவர் வந்தார், பின்னால். கார் ஓட்டத் தெரியாதவர். இன்றுவரை இடதுபக்க சீட்டில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு வருகிறார்.

என் முதல் பந்தயத்தின் வீரத்தையும் சொல்லிவிடுகிறேன். கொடி இறங்கியதும் கிளம்பிய வேகத்தில் வளைவையே பார்க்காமல், நேராக முள் அடர்ந்த உடைமரக் கூட்டத்துக்குள் போய் நின்றேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் கிட்டே வந்து, “ரேஸு அங்கன நடக்கு தாயி” என்று வழிகாட்டினார். கரை முழுக்கச் சிரித்தது. அடுத்த பந்தயத்தில் மூன்றாவதாக வந்தேன். அதற்கடுத்து சுபேதாரை முந்தியபோது யாரும் சிரிக்கவில்லை. பந்தயம் முடிந்தால் எல்லோரும் செங்கோட்டை போகிற வழியில் பிரானூர் பார்டரில் பரோட்டா சாப்பிடப் போவார்கள். முதலில் எனக்குக் காருக்குப் பொட்டலம் வந்தது. இரண்டு தடவை பொறுத்துப் பார்த்தேன். மூன்றாம் தடவை உள்ளே போய் அவர்கள் மேஜையிலேயே உட்கார்ந்தேன்.

மூன்றாம் வருஷம் நானும் ஷாகுல் பாயும் புள்ளிக் கணக்கில் சமமாக நின்றோம். கடைசிப் பந்தயத்தில் முந்துகிறவருக்கு அந்த வருஷத்துப் பட்டமும் ஒரு பித்தளை அண்டாவும் என்று முடிவானது. அந்த நேரம் பார்த்துப் பாய் வண்டியில் கியர் போய்விட்டது. மெட்ராஸிலிருந்து சாமான் வரட்டும், காத்திருப்போம் என்று நான்தான் சொன்னேன். நின்றுபோன வண்டியை ஜெயிப்பதில் எனக்கு என்ன ருசி? சாமான் வந்தபோது வைகாசி முடியப் போகிறது. மலையில் மழையைக் கொண்டுவருகிற சாரல் காற்று கிளம்பிவிட்டது.

குற்றாலத்துக்கு வருகிற வெளியூர்க்காரன்கூட அருவியில் தண்ணீர் விழுகிறதா என்று நாலு பேரிடம் விசாரித்துவிட்டுத்தான் பஸ் ஏறுவான். நாங்கள் உள்ளூர், எல்லாம் தெரிந்தவர்கள், விசாரிக்கவில்லை. “வெயிலு இந்தா அடி அடிக்கு, மழையாவது ஒண்ணாவது” என்றான் அண்ணன். வண்டி ஓட்ட முடியாமல் போனதிலிருந்து கொடி காட்டுவது அவன் வேலை. குளத்தில் சுள்ளென்று வெயில் அடித்தது உண்மைதான். மலையில் முந்தின நாள் முழுக்கப் பெய்திருந்தது.

பாதிப் பந்தயத்தில் கால்வாய் வழியாகத் தண்ணீர் வந்து, குளத்தின் அந்தக் கடைசியில் பரவ ஆரம்பித்தது. சுபேதார் ஒதுங்கி நின்றுவிட்டார். எனக்கு முன்னால் போன பாயின் ஹெரால்டு தண்ணீருக்குள் இறங்கி, இருமி, புகை விட்டு நின்றது. சைலன்சருக்குள் தண்ணீர் ஏறாமல் இருக்கச் சின்ன கியரில், மிதித்த காலை எடுக்காமல் போக வேண்டும். ஜீப்பில் எத்தனை வாய்க்காலைத் தாண்டியிருப்பேன். அப்படியே பாயைக் கடந்தேன். மிச்சச் சுற்றையும் அதே தண்ணீரில் ஓட்டினேன். பயம் இருந்தது, பொய் சொல்வானேன். நிறுத்த மனசில்லை. பந்தயம் முடிகிற சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டியபோது அங்கே இறக்கிக் காட்டக் கொடி இல்லை. அண்ணன் அதைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கரைமேல் நின்று இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தான்.

“நிப்பாட்டுன்னு கைய காட்டுதேன், கண்ணு தெரியலையாட்டி ஒனக்கு?”

“கொடிய ஏன் காட்டல?”

“பந்தயம் கேன்சலு. கொடி எறங்காம முடிஞ்சா செல்லாது.”

சுபேதாரும் தலையை ஆட்டினார். “ரூலுன்னா ரூலுதான் தங்கச்சி.” என்னை உள்ளே விட்ட அதே ரூல் புத்தகம்தான், இப்போது வெளியே தள்ளியது. அண்ணன் எனக்காகத்தான் பயந்தானா, பத்மினிக்காகவா, தங்கச்சி பட்டம் வாங்கிவிடுவாளே என்றா? மூன்றிலும் கொஞ்சம் இருக்கும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, தண்ணீரிலிருந்து நடந்து வந்த ஷாகுல் பாய் ஒருவர்தான் வாயைத் திறந்தார். “கொடி எறங்காம இருக்கட்டும். புள்ள என்னைய முந்திப் போனத நான் ரெண்டு கண்ணாலயும் பாத்தேனே.” தோற்றவர் சாட்சியை யார் எடுத்துக்கொள்வார்கள்? அடுத்த வருஷம் பார்த்துக்கொள்வோம் என்று கலைந்தார்கள். அண்டா யாருக்கும் இல்லாமல் பண்பொழி மலைக்கோயில் அன்னதானத்துக்குப் போனது. இன்றைக்கும் அதில் சாம்பார் கொதிக்கலாம்.

அடுத்த வருஷம் வரவில்லை. பாய்க்குத் திரும்ப விசா வந்தது. சுபேதார் அம்பாசடரை எடைக்குப் போட்டார். பத்மினியை விற்கும்போது அண்ணன் என்னிடம் கையெழுத்து வாங்க வந்தான். போட்டேன். இன்று அந்தக் குளத்தில் பாதி மனை போட்டுக் கல் நட்டிருக்கிறார்கள். கால்வாய் தூர்ந்துவிட்டது. ஒரு போட்டோ கிடையாது. இப்படி ஒரு பந்தயம் நடந்தது என்றால் தென்காசியிலேயே, கதை விடுகிறாள் என்கிறார்கள். அண்ணன் சென்னையில் மகனோடு இருக்கிறான். போனில் ஞாபகப்படுத்தினால், “இன்னமும் அதையே பேசுதியா? அது கேன்சலுட்டி” என்கிறான்.

ஷாகுல் பாய் போன மாதம் காலமானார். துக்கம் கேட்கப் போனேன். அவர் மகள், துபாயிலிருந்து வந்தவள், நான் யார் என்று தெரியாமல் விழித்தாள். அத்தாவோடு கார்ப் பந்தயம் ஓட்டினவள் என்றேன். அழுது வீங்கிய கண்ணோடு நிமிர்ந்தாள். “அத்தா ரேஸெல்லாம் ஓட்டுனாங்களா? எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லலையே. ஜெயிச்சாங்களா?”

“மொத வருசம் ஜெயிச்சாங்கம்மா. கடைசிப் பந்தயத்துல ரெண்டாவது வந்தாங்க.”

“அப்பம் மொதல்ல வந்தது யாரு?”

“நான்” என்றேன்.