பக்கங்களை எண்ணிய புதன்கிழமை

புதிய புத்தகம் எதையும் நான் சந்தேகத்தோடுதான் படிப்பேன். கதையில் ஆற்றில் தண்ணீர் ஓடினால், அது மேட்டூர் அணை திறந்த பிறகா என்று பார்ப்பேன். இந்த வருடம் படித்தவற்றில் ஒரு மருத்துவரின் தன்வரலாறும், வாய்க்கால்களைப் பற்றிய கட்டுரை நூலும் சில இடங்களில் மாட்டிக்கொண்டன. நாகப்பட்டினத்துக் கடலோரத்தில் நடக்கும் ஒரு நாவல் மட்டும் தப்பியது. 'காலக்கணக்கில் குறையே இல்லை' என்று தேதி போட்டு நோட்டில் எழுதினேன்.

திருவாரூரில் எங்கள் தெருவுக்குப் புதன்கிழமைதோறும் ஸ்கூட்டரில் மீன் கொண்டுவரும் வளர்மதி அந்த நாவலைக் கேட்டார். கொடுத்துவிட்டேன். ஆனால் அன்றிலிருந்து, அதன் தாள்களில் யாருக்கோ மத்தி மடித்துக் கொடுப்பதாகவே எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது.

இரண்டு வாரம் கழித்துத் திருப்பித் தந்தார். அவர் எதிரிலேயே பக்கங்களை எண்ணத் தொடங்கினேன்.

"நல்லா எண்ணுங்க சார். மீன் மடிக்க எங்ககிட்ட பழைய பேப்பர் நிறைய கெடக்கு."

என் விரல் நின்றது.

"கதை நல்லாத்தான் இருக்கு. ஆனா வைகாசில விசைப்படகு கடலுக்குப் போவுதே, எப்படி சார்? அது மீன்பிடி தடைக்காலமாச்சே. எங்க வீட்டுக்காரரு அப்ப வலைதான் தச்சிக்கிட்டிருப்பாரு."

எனக்கு அது தோன்றவே இல்லை. அவசரமாக வாய்க்கால் புத்தகத்தை எடுத்து நீட்டினேன்.

"வேணாம் சார். அப்புறம் அதையும் எண்ணணும், உங்களுக்குத்தான் வேலை." சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினார்.

நோட்டில் என் வரியை அடித்துவிட்டு, பிழை கண்டவர் வளர்மதி என்று எழுதினேன். அதை அவரிடம் சொல்ல இன்னும் வாய் வரவில்லை. புதன்கிழமைகளில் அந்த வாய்க்கால் புத்தகத்தோடுதான் வாசலுக்குப் போகிறேன். அவர் அதைப் பார்க்கிறார்.

"அரைக் கிலோவா, ஒரு கிலோவா சார்?" என்று மட்டும் கேட்கிறார்.