கயல் எத்தனாவது படிக்கிறாள்?

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. தெருமுனைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கத்தி விளையாடும் சத்தம் கேட்கிறது. எட்டு வயதாகும் என் மகள் கயல் இன்னும் தூங்குகிறாள். யாரும் எழுப்ப மாட்டோம். ஆக்லாந்துக்கு வந்து பதினோரு வருடமாகியும் இந்த ஒன்று மட்டும் எனக்குப் பழகவில்லை. போர்வையை இழுக்கக் கை தானாகப் போகும். நிறுத்திக்கொள்வேன்.

இதற்கு இங்கே அன்ஸ்கூலிங் என்று பெயர். பள்ளியும் கிடையாது, வீட்டில் பாடமும் கிடையாது. பிள்ளை தன் விருப்பத்தில் கற்றுக்கொள்ளும். அடிப்பதில்லை, அதட்டுவதில்லை. ஐந்து வயதில் கயலைப் பள்ளியில் சேர்த்தோம். மூன்று மாதம் தினமும் காலையில் வாந்தி எடுத்தாள். நிறுத்திவிட்டோம். என் கணவர் பயந்தார். நான் பயப்படவில்லை.

நன்னிலம் பக்கம் எங்கள் ஊர். ஐந்தாம் வகுப்பில் வாய்ப்பாட்டைத் தப்பாகச் சொன்னதற்கு வாத்தியார் மர ஸ்கேலால் என் விரல் முட்டியில் அடித்தார். பாவாடை நனைந்துவிட்டது. வயலுக்கு ஓடினேன். நாற்றுக்கட்டு சுமந்துகொண்டிருந்த அப்பா, வாய்க்காலில் என்னைக் கழுவிவிட்டு மறுபடி பள்ளிக்கே கூட்டிப்போனார். வாத்தியார் முன்னால் கைகட்டி நின்று, "நல்லா அடிங்க சார். படிச்சாப் போதும்" என்றார். என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

எங்களைப் போலப் பிள்ளை வளர்ப்பவர்கள் இங்கே வாரம் ஒருமுறை பூங்காவில் கூடுவோம். ஹெலன் என்ற பெண் ஒருநாள் என் அப்பாவின் படிப்பைப் பற்றிக் கேட்டாள். பள்ளிக்கே போனதில்லை என்றேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப நீங்க அன்ஸ்கூலிங்ல இரண்டாவது தலைமுறை" என்றாள். சிரித்து வைத்தேன். அப்பா சின்ன வயதில் பண்ணை மாடு மேய்த்ததையும், வரப்பில் நின்று பள்ளிக்கூடப் பாட்டைக் கேட்டதையும் அந்தப் புல்வெளியில் உட்கார்ந்து எப்படிச் சொல்வது?

போன தை மாதம் ஊருக்குப் போனோம். சம்பா அறுவடை நேரம். அப்பா இப்போது குத்தகைக்கு நிலம் எடுத்துத் தானே சாகுபடி செய்கிறார். மாத்திரை அட்டை ஒன்றைக் கயலிடம் நீட்டி, "இது என்ன மாத்திரைன்னு படி கண்ணு" என்றார்.

"எனக்குப் படிக்கத் தெரியாது தாத்தா."

"தமிழ் வேணாம். இங்கிலீஷ்லதான் போட்டிருக்கு."

"அதுவும் தெரியாது" என்றாள், துளி வெட்கமில்லாமல். அந்த வெட்கமின்மை நான் பார்த்துப் பார்த்து வளர்த்தது.

அப்பா என் பக்கம் திரும்பினார். விருப்பம் வரும்போது அவளே படிப்பாள் என்று விளக்கினேன்.

"எனக்குக் கூடத்தான் விருப்பம் இருந்துச்சு" என்றார். "யாரு உட்டா?"

"உங்க கோபம் எனக்குப் புரியுதுப்பா" என்று, கயலிடம் பேசும் அதே குரலில் ஆரம்பித்தேன்.

"எங்கிட்ட டாக்டர் மாதிரி பேசாத."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. கத்தினேன். "என்னை அடிக்கச் சொல்லிக் கைகட்டி நின்னீங்களே, அது உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"கை கட்டாம நின்னிருந்தா உன்னத் திரும்ப உள்ள சேத்திருப்பானா?" என்றார். சத்தம் போடாமல்தான் சொன்னார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு களத்துக்குப் போய்விட்டார். "ஏம்மா தாத்தாவைத் திட்டுன?" என்று கயல் கேட்டாள். அவள் அதுவரை நான் கத்திக் கேட்டதில்லை. கிளம்பும்வரை அப்பா என்னிடம் பேசவில்லை.

ஆறு மாதம் கழித்து, ரொட்டிப் பாக்கெட்டில் இருந்ததைக் கயல் தானாக எழுத்துக் கூட்டிப் படித்தாள். ஒரு மாதத்தில் கதைப் புத்தகமே படிக்க ஆரம்பித்தாள். யாரும் சொல்லித்தரவில்லை. வீடியோ காலில் தாத்தாவுக்கு இங்கிலீஷில் ஒரு பக்கம் படித்துக் காட்டினாள். ஒரு சொல்லும் புரியாமல் அவர் முழுவதையும் கேட்டார். பிறகு என்னைக் கூப்பிடச் சொன்னார்.

"பள்ளிக்கூடத்துல சேத்துட்டியாம்மா?"

உண்மையைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். "சேத்தாச்சுப்பா" என்றேன்.

"எத்தனாவது?"

"மூணாவது."

அன்றைக்கே தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். இப்போது ஞாயிறுதோறும் விசாரிக்கிறார். பரீட்சை எப்படி, டீச்சர் பேரென்ன, யூனிபார்ம் என்ன நிறம். நானும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். எங்கள் ஊரைப் பொறுத்தவரை என் மகள் நீலப் பாவாடை கட்டி, இரட்டைச் சடை பின்னி, தினமும் பள்ளிக்கூடம் போய் வருகிறாள். அந்தப் பள்ளியில் அவளை யாரும் அடிப்பதில்லை. அதை மட்டும் நான் பார்த்துக்கொள்கிறேன்.