பல்லில் கடித்த மோதிரம்

பிள்ளைகளே, நம் ஜீப்பின் முன்னால் இருக்கிறதே விஞ்ச், கயிறு சுற்றி இழுக்கும் மோட்டார், அதைப் பொருத்தியவர் பக்கத்து ஊர் எலக்ட்ரீசியன் ஒருவர். ஒல்லியான மனிதர், ஒரு புருவம் பாதி தீய்ந்திருக்கும். பேட்டரியைத் தொடுவதற்கு முன் மோதிரத்தைக் கழற்றிப் பல்லில் கடித்துக்கொள்வார். மோதிரம் பட்டு ஷார்ட் ஆனால் விரல் வெந்துவிடுமாம். வேலை முடிந்த பிறகுதான் மறுபடி மாட்டுவார்.

அன்று புயல் எச்சரிக்கை. குப்பத்தில் உங்கள் மாமாவின் படகு அலையடிக்கும் இடத்திலேயே கிடந்தது. அதை மேலே இழுக்கத்தான் விஞ்ச்.

“சீக்கிரம் அண்ணே, படகு போயிடும்,” என்றேன் அவர் பட்டறையில்.

“இருய்யா. ஒயரு பம்பர்ல உரசுச்சுன்னா உன் வண்டியும் சேந்து போயிடும்,” என்றார், மோதிரத்தைக் கடித்தபடியே. ஒயர் மேல் பழைய டயர் ட்யூபைச் சுற்றினார்.

“முடிஞ்சுதா?”

“முடிஞ்ச மாதிரிதான். கெளம்பு.”

கடற்கரையில் மழை பிடித்துக்கொண்டது. பட்டனை அழுத்தினேன். கயிறு விறைத்தது, படகு அசையவில்லை. ஒயர் எரிந்துவிடுமோ என்று பட்டனை விட்டுவிட்டேன். அப்போது யாரோ பானெட்டைத் திறந்தார்கள். அவர்தான், பல்லில் அதே மோதிரம். நனைந்தபடி, ஒயர் சூடாகிறதா என்று உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

“இழுய்யா, நான் பாத்துக்கறேன்.”

பட்டனை விடாமல் அழுத்தினேன், படகு மெல்ல மேலேறியது. அவரை அங்கே யார் அழைத்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஸ்கூட்டரைக் கிளப்பும்போதுதான் மோதிரத்தை விரலில் மாட்டினார்.