வாசம் போன புகை

குளிர்நாடு ஒன்றின் மேற்குக் கடலில் ஒரு சின்னத் தீவு. அங்கே சூப்புக்கடை நடத்தும் ஒக்சிம், விடிந்ததும் ஜன்னல்களை எல்லாம் திறந்துவிடுவாள். உறைபனியானாலும் திறந்தாக வேண்டும். வீட்டைச் சூடாக்கத் தரைக்கடியில் எரிக்கும் கரிக்கட்டியின் நச்சுக்காற்று மூடிய அறைக்குள் ஏறி, அவள் அக்கா தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தவள்.

புருஷன் தல்சு, சுரங்கத்தில் நுரையீரலைத் தொலைத்துவிட்டு, பின்னறையில் படுத்திருப்பவர்.

"மீனைக் காயப்போடுற மாதிரி என்னையும் காயப்போடுறியாடி?"

"காஞ்சா நாலு காசாவது தேறும். பேசாம படுங்க."

கடலுக்கு அக்கரையில் வயல்களைக் கொளுத்தியிருப்பதாகச் செய்தி வந்திருந்தது. ஒக்சிம் மூக்கை நீட்டிப் பார்த்தாள். புகை வாசமே இல்லை. திறந்துவிட்டாள். மதியத்துக்குள் தல்சுவின் மூச்சில் விசில் கேட்க ஆரம்பித்தது.

காற்றின் மாசை அளக்கும் நிலையத்தில் வேலை பார்க்கும் கிதே, சாப்பிட வந்தவன், வாசலிலேயே நின்றான்.

"சின்னம்மா, ஜன்னலைச் சாத்துங்க. புகை வந்திருச்சு."

"வாசமே இல்லையே தம்பி. உங்க மிஷினுக்குச் சளி பிடிச்சிருக்கும்."

கிதே சிரிக்கவில்லை. "வாசம்தான் போச்சு, தூள் போகல. கடல் தாண்டி வர்ற வழியெல்லாம் வெயில் பட்டுப் பட்டு அது மாறிக்கிட்டே வருது. ஆக்ஸிஜன் ஏறி, புளிச்சுப்போயி, ஈரத்தை இழுத்துக்கிட்டு. அங்க கிளம்பின புகை இல்ல இது. நெஞ்சுக்கு இன்னும் மோசம்னுதான் சொல்றாங்க."

"அப்ப காலையிலேர்ந்து நானேதான் அவருக்கு ஊட்டிவிட்டேனா?"

அவன் உள்ளே வந்து, கைக்கெட்டிய ஜன்னலை இழுத்துச் சாத்தினான்.

மற்றவற்றை ஒக்சிம் ஓடிப்போய் ஒவ்வொன்றாகச் சாத்தினாள். பின்னறையின் கடைசி ஜன்னலில் கை நின்றுவிட்டது. காலடியில் தரை சுட்டது. திறந்திருந்தால் அந்தப் புகை வரும். சாத்தினால் இந்தக் கரியின் நச்சு ஏறும். இரண்டுமே கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது.

"சாத்தப்போறியா, திறக்கப்போறியா? சுரங்கத்துல கூட..." மிச்சத்தை இருமல் தின்றுவிட்டது.

ஒக்சிம் வெளியே போய், தரைக்கடி அடுப்பில் கனன்றுகொண்டிருந்த கரிக்கட்டியை இடுக்கியால் உருவி முற்றத்துப் பனியில் போட்டாள். திரும்பி வந்து ஜன்னலைச் சாத்தினாள். இருக்கிற மெத்தை, போர்வை எல்லாவற்றையும் அவர்மேல் அடுக்கிவிட்டு, தானும் உள்ளே நுழைந்துகொண்டாள். அடியில் தரை மெல்ல மெல்ல ஆறிக்கொண்டிருந்தது.

"குளிருதுடி."

"குளிரட்டும். குளிரு வந்தா நமக்குத் தெரியுதுல்ல."

அவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு இருமலானது. அது நிற்கும்வரை அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள்.