ஆணியும் கருப்பட்டியும்

தக்கலைக்குப் பக்கத்தில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் பின்பக்கம் ஒரு மண்பானை வைத்திருந்தேன். உள்ளே பழைய மீன்பிடி வள்ளத்தில் பிடுங்கிய துருப்பிடித்த ஆணிகள், கருப்பட்டி, தண்ணீர். வாயைத் துணியால் கட்டி இரண்டு வாரம் புளிக்கவிட்டால் துணியில் அச்சுப் போடக் கறுப்புச் சாயம் கிடைக்கும். பலாக்கட்டையில் செதுக்கிய தாமரை அச்சையும், பைக் டயரை அறுத்துக் கட்டையில் ஒட்டி நானே செய்த அச்சையும் ஒரே சேலையில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த சமயம் அது. பூவின் மேல் வண்டி ஏறிப் போனது போல இருக்கும். இதை யார் உடுப்பார்கள் என்று என் வீட்டுக்காரருக்கே சந்தேகம்.

மதிலுக்கு அந்தப்புறத்து அக்காவுக்கு வந்தது வேறு சந்தேகம். இந்த ஊரில் எனக்கு மனம்விட்டுப் பேச இருந்த ஒரே ஆள் அவள். அவள் மகளை மார்த்தாண்டத்திலிருந்து பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் பதில் சொல்லாமல் இழுத்தடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில்தானா காற்றில் பறந்த துணியை எடுக்க அவள் மதிலுக்கு மேல் எட்டி, நான் பானையில் ஆணி போடுவதைப் பார்க்க வேண்டும்? அன்றோடு பேச்சு நின்றது.

ஒரு நாள் காலையில் பானையருகே குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம் கிடந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதிலிருந்து மதிலுக்கு அப்பால் இலை அசைந்தாலும் நான் போய்ப் பார்க்க ஆரம்பித்தேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எங்கள் இரண்டு வீட்டிலும் அரண்டவர்கள்தான் இருந்தோம்.

பொறுக்காமல் நானே கேட்டுவிட்டேன். "எக்கா, அது துணிக்குப் போடுத சாயமாக்கும்."

"சாயத்துக்கு எதுக்குட்டி ஆணி?"

"கருப்பட்டியில கெடந்தாத்தான் ஆணி இளகும்."

"ஆணி கருப்பட்டி திங்குமோ?"

வாயால் சொன்னால் ஆகாது என்று கையைப் பிடித்து அழைத்து வந்தேன். கடுக்காய்த் தண்ணீரில் நனைத்துக் காயவைத்த துணியை விரித்தேன். பானைத் தண்ணீரில் புளியங்கொட்டைப் பசை கலந்து, தாமரை அச்சைத் தொட்டு ஓங்கி ஒரு குத்து. கலங்கிய பழுப்புநிறத் தண்ணீர் துணியில் பட்டதும் கண்ணெதிரே கறுத்தது. கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் அப்படித்தான் ஆகும். எனக்கோ பெருமை தாங்கவில்லை. நிமிர்ந்து பார்த்தால் அக்காவின் முகம் வெளுத்திருந்தது. விறுவிறுவென்று வீட்டுக்குப் போய்விட்டாள். வேலியில் போன ஓணானை எடுத்து நானே மடியில் விட்டுக்கொண்டேன்.

அந்த வாரமே மார்த்தாண்டத்துக்காரர்கள் பெண் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பையனின் அம்மாவுக்குப் பிடிக்கவில்லையாம். பழி என் தலையில்தான் விழும் என்று நினைத்தேன். வீட்டுச் சொந்தக்காரியிடம் சொல்லி எங்களைக் காலி செய்ய வைப்பாள் என்று பயந்தேன். அதைவிட, அந்தப் பிள்ளையின் வாழ்க்கையை நான் கெடுத்ததாக அவள் நினைப்பாளே என்பதுதான் தாங்கவில்லை.

மறுநாள் மத்தியானம் அக்கா வந்தாள். வாசலில் நிற்காமல் நேரே உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அழுத கண். என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கும் அழுகை முட்டியது.

"ஒனக்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல மக்கா. நீ எங்களுக்குக் கெடுதல் செய்ய மாட்ட. அது எனக்குத் தெரியும்."

அப்பாடா என்று இருந்தது. அக்கா வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அந்தப் பயலுக்க அம்மைக்கு ஒண்ணு வச்சுத் தருவியா? சின்னப் பானை போதும்."

அவள் என்னை நம்ப வேண்டும் என்றுதான் அத்தனை நாளும் தவித்தேன். இப்போது அந்தக் கண்ணில் துளிச் சந்தேகம் இல்லை.