லீவு கிடைக்காத மகன்

மூன்று வருடங்களுக்கு முன்பு தொடங்கியது இது. சென்னையில் நான் வேலை பார்த்த கம்பெனி, இனி எங்கே உட்கார்ந்தும் வேலை செய்யலாம் என்று சொல்லிவிட்டது. பேசாமல் காரைக்கால் தலத்தெருவில் உள்ள எங்கள் வீட்டுக்கே வந்திருக்கலாம். எனக்கோ தாய்லாந்துத் தீவில் இருக்க ஆசை. ஆசை என்று வீட்டில் சொல்ல முடியுமா? "ஆபீஸ்ல அனுப்புறாங்க வாப்பா" என்று ஒரே போடாகப் போட்டேன்.

வாப்பா இருபது வருடம் வளைகுடாவில் கடையில் நின்றவர். மகனுக்கும் இதே கதியா என்று கலங்கிப்போனார். ஊறுகாய், கருவாடு, தைலம் எல்லாம் வைத்து அட்டைப்பெட்டி கட்டி, நைலான் கயிற்றால் இறுக்கி, நாலு பக்கமும் என் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதினார். விமான நிலையத்தில் அந்தப் பெட்டியோடு நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது.

போன இடத்திலும் அதே தென்னை, அதே புழுக்கம், அதே மீன் வாடை. ஆனால், ஏன் என்று கேட்க ஆளில்லாத சுகம்!

அடுத்த வருடம் வாப்பாவுக்குக் கண் ஆபரேஷன். "ரெண்டு நாள் வந்துட்டுப் போயேன்" என்றார் உம்மா. நண்பர்களோடு பக்கத்துத் தீவுக்குப் போக டிக்கெட் எடுத்திருந்தேன். "லீவு தர மாட்டேங்குறாங்க உம்மா" என்றேன்.

போனை வாப்பா வாங்கினார். "மனசைப் போட்டு அலட்டிக்காத தம்பி. என் வாப்பா மவுத்தானப்ப, முகம் பார்க்கக்கூட எனக்கு லீவு கிடைக்கல. அந்த வலி எனக்குத் தெரியும்."

ஆபரேஷனுக்குப் போகிறவர் எனக்கு ஆறுதல் சொல்கிறார்! அப்போதாவது உண்மையைச் சொன்னேனா, பாவி? இல்லை. உம்மாதான் தனியாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்.

பெருநாளுக்கு ஊர் வந்தேன். மறுநாள் காலை கூடத்தில் லேப்டாப்பைத் திறந்து, பழக்க தோஷத்தில் வேலையை ஆரம்பித்துவிட்டேன். வாப்பா டீயோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்ன தம்பி பண்றே?"

"ஆபீஸ் வேலை வாப்பா."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"இங்கேருந்தே பார்க்கலாமா?"

தலையாட்டினேன்.

"அப்பவும் பார்த்திருக்கலாமா?"

அதற்கும் தலையாட்டினேன். "டீ ஆறுது, குடி" என்று எழுந்து போனார். அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அந்தத் தடவை நான் கிளம்பும்போது அவர் பெட்டி கட்டவில்லை.

ஆறு மாதத்தில் ஊருக்கே திரும்பிவிட்டேன். இப்போது அதே கூடத்தில்தான் வேலை செய்கிறேன். வாப்பாவும் பழையபடி பேசுகிறார். ஆனாலும், தன் வாப்பாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியாத மனிதரிடம் லீவு இல்லை என்று பொய் சொன்னோமே என்பது, அவர் டீ கொண்டுவந்து வைக்கும்போதெல்லாம் என்னைக் குத்துகிறது.